மூன்று மாடி அலுவலகம், பின்னால் கிடங்கு: லேனுக்கு காப்பரா, ஃபைபரா?

140 மீட்டர் தள்ளி கிடங்கு இருக்கிறது, எதற்கு வம்பு, லேன் (கணினிகளை இணைக்கும் வலையமைப்பு) மொத்தத்தையும் கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபராகவே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கட்டடத்துக்குள்ளே காப்பர், அதாவது செம்புக் கேபிள், இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஃபைபர்.

எல்லாரும் முதலில் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். செம்புக் கேபிளில் கேட் 5இ, 6, 6ஏ என்று தரங்கள் உண்டு. சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் தரும். 10 ஜிகாபிட் வேண்டுமென்றால் கேட் 6 சுமார் 55 மீட்டர், கேட் 6ஏ 100 மீட்டர். அந்த நூறிலும் சுவருக்குள் போக வேண்டியது 90தான், மிச்சம் இரு முனையிலும் செருகும் குட்டிக் கேபிள்களுக்கு (பேட்ச் கார்டு). ஆக 140 மீட்டருக்குக் காப்பர் எட்டாது. நடுவில் ஒரு ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) வைத்து நீட்டலாமே என்பீர்கள். சரி, மழையில் அந்த ஸ்விட்சுக்குக் கூரையும் கரண்டும் யார் கொடுப்பது?

தூரம் குறைவாக இருந்தாலும் வெளியே காப்பர் இழுக்க மாட்டேன். 60 மீட்டர்தானே என்று காவலாளி அறைக்கு ஒருமுறை கேட் 6 இழுத்தேன். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி. கேபிள் மேல் விழவில்லை, பக்கத்தில் எங்கேயோ. மறுநாள் பார்த்தால் கேமரா, ரெக்கார்டர், ஸ்விட்சில் பாதி போர்ட் எல்லாம் காலி. மின்னல் பக்கத்தில் அடித்தாலே நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் எகிறும், போதாததற்கு இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே அளவில் இருக்காது, அந்த வித்தியாசமும் கேபிள் வழியாகத்தான் பாயும். ஃபைபர் வெறும் கண்ணாடி, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மண்ணில் புதைக்க எஃகுக் கவசம் போட்டதை வாங்கினால் அந்தக் கவசம் மின்சாரத்தைக் கடத்தும், கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அதை எர்த் பண்ணச் சொல்லுங்கள்.

ஃபைபரில் நெடுந்தூரத்துக்கான சிங்கிள் மோட் வகையே வாங்குங்கள், 10 ஜிகாபிட்டே 10 கிலோமீட்டர் போகும். இரண்டு இழை போதும்தான், ஆனாலும் ஆறு இழை போடுங்கள். செலவு பள்ளம் தோண்டுவதில்தான், கேபிளில் இல்லை. ஃபைபரை ஸ்விட்சோடு இணைக்கும் எஸ்எஃப்பி என்ற செருகி இரு முனையிலும் ஒரே வகையாக இருக்கட்டும்.

அப்புறம் உள்ளே ஏன் காப்பர்? வைஃபை பெட்டி, கேமரா, ஐபி போன் எல்லாம் அதே கேபிளில் கரண்டும் வாங்கிக்கொள்ளும். 2003-இல் 15.4 வாட்டாக இருந்த இந்த வசதி (பெயர் பிஓஇ), 2018-க்குப் பிறகு 90 வாட் வரை வந்துவிட்டது. கண்ணாடி இழையில் அந்தக் கரண்டு போகாது.

கடையில் பாதி விலைக்கு கேட் 6 என்று நீட்டினால் கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.