ஒரே ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பையனுக்கு வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகன் கடலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ராத்திரி பன்னிரண்டு மணி வரை நாலு வரி புரோகிராமை வைத்துக்கொண்டு, "ஒரு ஆர்க்யுமென்ட் குறைச்சா என்ன ஆகும், கூட்டினா என்ன ஆகும்" என்று அதையே மாற்றி மாற்றி ஓட்டுகிறான். பக்கத்து வீட்டுப் பையன் புதுச்சேரியில் 45,000 ரூபாய் கட்டி, வேலை உத்தரவாதம் தரும் கோர்ஸில் சேர்ந்துவிட்டான். இவனையும் சேர்க்கட்டுமா? – மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய்.

அம்மா, இப்போதைக்குப் பணத்தைக் கட்டாதீர்கள். நீங்கள் விளையாட்டு என்று நினைப்பதற்கு மென்பொருள் நிறுவனங்களில் டெஸ்டிங், அதாவது புரோகிராமில் பிழை தேடும் சோதனை, என்று பெயர். அதற்காகவே ஆள் எடுக்கிறார்கள். உங்கள் மகன் செய்வதில் ஒரு குறைதான் தெரிகிறது: எதையும் எழுதி வைப்பதில்லை போலிருக்கிறது. மற்றபடி சரியான பாதையில்தான் போகிறான்.

அவன் என்ன பார்க்கிறான் என்று சொல்கிறேன். ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்யும் சின்னப் புரோகிராம் துண்டு; அதற்கு நாம் கொடுக்கும் மதிப்புதான் ஆர்க்யுமென்ட். இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால் பைத்தான் என்ற கணினி மொழி அந்த இடத்திலேயே நின்று, ஒரு ஆர்க்யுமென்ட் வரவில்லை என்று பிழை காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழி நிற்காது. வராததை 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு இல்லை) என்று வைத்துக்கொண்டு கூட்டி, 'நாட் எ நம்பர்' (எண் அல்ல) என்று ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கூடுதலாக ஒன்றைக் கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. ஆகவே பைத்தானில் 'பிழை வருகிறதா' என்று சோதிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 'வந்த விடை சரியா' என்று சோதிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த மாணவர் எழுதும் டெஸ்ட் கேஸ், அதாவது எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்பு, வேறு மாதிரி இருக்கும்.

கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் பேஷ் ஸ்கிரிப்டில் இது ஆபத்தாகவே முடியலாம். அங்கே வராத ஆர்க்யுமென்ட் வெற்றுச் சொல்லாகிவிடும். 'இந்த ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் அழி' என்ற வரியில் ஃபோல்டர் பெயர் வராமல் போனால், கட்டளை எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் கணினியின் வேர் ஃபோல்டரில் உள்ளதையே அழிக்கப் போய்விடும். இதைத் தம்பி உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பைத்தானின் டிஃபால்ட் ஆர்க்யுமென்ட்தான்; நாம் எதுவும் கொடுக்காவிட்டால் ஃபங்ஷன் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு அது. ஒரு பொருளையும் ஒரு பட்டியலையும் வாங்கி, பொருளைப் பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தரும் ஃபங்ஷன். பட்டியல் கொடுக்காவிட்டால் காலிப் பட்டியலை எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறோம். முதலில் தக்காளி கொடுத்தால் தக்காளி மட்டும் வரும். அடுத்து வெங்காயம் கொடுத்தால் வெங்காயம் மட்டும்தானே வர வேண்டும்? தக்காளியும் சேர்ந்தே வரும். அந்தக் காலிப் பட்டியல் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் நேரத்தில் ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. பற்று நோட்டு கொண்டு வராதவர்கள் கணக்கையெல்லாம் மளிகைக்கடைக்காரர் ஒரே நோட்டில் எழுதினால் எப்படி இருக்கும், அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டில் அதே டிஃபால்ட் ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக உருவாகும். பைத்தான் நேர்காணல்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். விடையை மனப்பாடம் செய்தவர், 'சரி, எப்படிச் சரிசெய்வீர்கள்?' என்ற அடுத்த கேள்வியில் திணறுவார். தானே ஓட்டிப் பார்த்த பையன், டிஃபால்ட்டில் பட்டியல் வைக்காமல், ஃபங்ஷனுக்குள் புதுப் பட்டியல் உருவாக்குவேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவான்.

இனி அவன் செய்ய வேண்டியது. ஓட்டுவதற்கு முன்பே என்ன விடை வரும் என்று நோட்டில் எழுதட்டும். அப்புறம் ஓட்டட்டும். என்ன கொடுத்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, மொழியின் எந்த வெர்ஷன் என்று நாலு வரி போதும். வெர்ஷன் எதற்கு என்று கேட்பான். பிஎச்பி என்ற மொழியில் நாமே எழுதிய ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் குறைந்தால், முன்பு எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு வேலை தொடர்ந்தது. 2016இல் வந்த 7.1 முதல் அது முழுப் பிழை. வெர்ஷன் எழுதாத குறிப்பை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது. அந்த நாலு வரியை எளிய ஆங்கிலத்திலும் எழுதிப் பழகட்டும். வேலையில் பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை) என்பது கிட்டத்தட்ட அதுதான். பிறகு அதே சோதனைகளை, பைத்தானில் சோதனை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டில் எழுதி, புரோகிராம்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் போடட்டும். நேர்காணலில் காட்டுவதற்கு, எல்லாரும் வைத்திருக்கும் சான்றிதழைவிட இது நல்ல பொருள்.

இது மட்டும் வேலை வாங்கித் தந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்டர் வேலைக்கு, தரவுத்தளத்தில் தகவல் தேடும் மொழியான எஸ்க்யூஎல் வேண்டும். போஸ்ட்மேன், செலினியம் என்ற சோதனைக் கருவிகள் இரண்டிலும் கை பழகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் இலவசமாகவே கற்கலாம். ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் பாடம் பார்ப்பதற்குப் பணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். நம் கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளின் இடம், அங்கே இந்த வேலையைத் தேட வேண்டாம். புதுச்சேரியில் சின்ன நிறுவனங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சென்னை பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போக வேண்டியிருக்கும் என்று இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

அந்தக் கோர்ஸில்தான் சேர்ப்பேன் என்றால், 'உத்தரவாதம்' என்பதை எழுத்தில் கேளுங்கள். வேலை கிடைக்காவிட்டால் எத்தனை மாதத்தில் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று தாளில் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் நம்பாதீர்கள்.

எம்.சி.ஏ. எண்ணம் இருந்தால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட், காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு சியுஇடி பிஜி என்ற நுழைவுத்தேர்வுகளை எழுத வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பம் கடைசி செமஸ்டர் முடிவதற்கு முன்பே வந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.