மழைக்காலத்தில் நடுங்கும் சிறிய இன நாய்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் வீட்டுச் சிவாவாவுக்கு நான்கு வயது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து அடிக்கடி நடுங்குகிறது. வெளியே 23 டிகிரிதான்; அதைக்கூட அதனால் தாங்க முடியாதா? (ஈசூன் வாசகி)

பதில்: உடல்நலமுள்ள, ஈரமில்லாத, வளர்ந்த நாய்க்கு 23 டிகிரி ஆபத்தான குளிர் அன்று. ஆனால் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வளர்க்க அனுமதியுள்ள இனங்களில் சிவாவாதான் மிகச் சிறியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு அதிகம், தோலுக்கடியில் கொழுப்போ குறைவு. ஆகவே பெரிய நாயைவிட வேகமாக அது வெப்பத்தை இழக்கும். ஈரத் தரையும் சன்னல் வழியே வீசும் காற்றும் சேர்ந்துகொண்டால் இந்த வெப்பநிலையிலும் நடுங்கக்கூடும். தரையிலிருந்து சற்று உயர்ந்த படுக்கையும், நுழைந்து சுருண்டுகொள்ள ஒரு போர்வையும் போதும்.

போர்வைக்குள் கால் மணி நேரம் இருந்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை என்றால், குளிரைக் குறைசொல்வதை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேடுங்கள். பயம், வலி, குமட்டல் என எதற்கும் சிறிய நாய்கள் நடுங்கும். சாப்பிடாமல் இருந்த குட்டிக்கு இரத்தச் சர்க்கரை குறைந்து, நடுக்கத்தோடு தள்ளாட்டமும் சோர்வும் வரும்; ஈறில் சிறிது சர்க்கரைப் பாகைத் தடவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். காதைத் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி வரை. ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி 37 டிகிரிக்குக் கீழே காட்டினால் அது அவசர நிலை.

கேள்வி: படுக்கையறையில் இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடுகிறது. எங்கள் ஷிட்ஸு மெத்தையை விட்டு வெறுந்தரையில் போய்ப் படுக்கிறது. தூக்கி வந்து போர்த்திவிடலாமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: வேண்டாம். அதற்குப் புழுக்கமாக இருக்கிறது என்று பொருள். முகம் தட்டையான இனங்களுக்கு நம் ஊரில் குளிரைவிட வெப்பமே பெரிய பகை. குளிர்காற்று நேராக விழாத மூலையில் மெத்தையைப் போட்டுவையுங்கள். வேண்டும்போது அதுவே வரும்.

கேள்வி: பதின்மூன்று வயது டாய் பூடிலுக்கு மூட்டுவலி. மின்சார ஒத்தடப் பட்டையை அதன் மெத்தைக்கு அடியில் வைக்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட பட்டையை வைக்காதீர்கள். சூடு மிகுந்தால் நாம் விலகிக்கொள்வோம். எழவே சிரமப்படும் கிழட்டு நாய் அதே இடத்தில் கிடக்கும். உரோமம் மூடியிருப்பதால் தீக்காயம் சில நாள் கழித்து, தோல் உரியத் தொடங்கிய பிறகே கண்ணுக்குத் தெரியும். கம்பியைக் கடிக்கும் ஆபத்து வேறு. வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்றாமல் மிதமான சூட்டில் நீர் நிரப்பி, தடித்த துண்டில் சுற்றி, மெத்தையின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி சூடில்லாமல் இருந்தால்தான் அது நகர்ந்துகொள்ள முடியும். குளிர் நாள்களில் வலி கூடுவதாகத் தெரிந்தால் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், ஆனால் வீட்டிலுள்ள பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் பொமரேனியனுக்குச் சட்டை போட்டுவிடலாமா? (செங்காங் வாசகர்)

பதில்: இரண்டு அடுக்காக உரோமம் உள்ள நாய்க்குச் சிங்கப்பூரில் சட்டை என்பது படம் எடுக்கத்தான். நாள் முழுவதும் போட்டுவைத்தால் முன்னங்கால் இடுக்கிலும் காதுக்குப் பின்னாலும் உரோமம் கம்பளிபோல் சிக்கிக்கொள்ளும். அதன் அடியில் ஈரம் தங்கித் தோல் சிவக்கும். நடைக்குப் போகும்போது மழையங்கி அணிவியுங்கள், திரும்பியதும் கழற்றிவிடுங்கள். துண்டால் ஒற்றியெடுத்த பிறகு, உலர்த்தியை மிதமான சூட்டில் வைத்து உரோமத்தின் வேர்வரை காயவையுங்கள். மேலே தொட்டால் காய்ந்ததுபோலிருக்கும், வேரில் ஈரம் இருக்கும்.

கேள்வி: ஜனவரியில் இத்தாலியன் கிரேஹவுண்டுடன் லண்டனுக்குக் குடிபெயர்கிறோம். என்ன முன்னேற்பாடு தேவை? (ஜூரோங் வாசகி)

பதில்: சட்டை உண்மையாகவே தேவைப்படுவது உங்கள் நாய்க்குத்தான். மெல்லிய தோலும் குட்டை உரோமமும் உள்ள இந்த இனம், இரவில் 2, 3 டிகிரிக்கு இறங்கும் ஊரில் மேலங்கி இல்லாமல் வெளியே போகக் கூடாது. கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரையும் அடிவயிற்றையும் மூடுகிற, நீர் புகாத அங்கியை வாங்கி, இங்கேயே குளிர்சாதன அறையில் சில நிமிடம் அணிவித்துப் பழக்குங்கள். ஒரு நீண்ட நடைக்குப் பதில் இரண்டு மூன்று குறுகிய நடைகள் நல்லது. பனி உறையாமலிருக்க நடைபாதையில் தூவும் உப்பு பாதத்தைப் புண்ணாக்கும். நாய் அதை நக்குவதற்குள் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். கார்களில் ஊற்றும் உறைதடுப்பு நீர்மத்தில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும், மிகச் சிறிய அளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய நீரில் வாய் வைத்த நாய் குடித்தவர்போல் தள்ளாடினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.