பழைய பாய்க்கப்பல் ஓவியங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்கள் கிளம்பும் பழைய ஐரோப்பிய ஓவியங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன, எப்படி ரசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கொடி, பாய், புகை, அலை நான்கும் ஒரே காற்றைச் சொன்னால், வரைந்தவர் கடல் தெரிந்தவர்.

நான் குளச்சல்காரன். 1741 ஆகஸ்ட் 10 அன்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்த ஊர். அந்த வெற்றித்தூணைப் பார்த்து வளர்ந்ததால் டச்சுக் கப்பல்கள் எப்படி இருந்திருக்கும் என்று தேடப்போய், வில்லெம் வான் டெ வெல்டெ என்ற ஒரே பெயர் கொண்ட டச்சு ஓவியர்களான தந்தை, மகனிடம் போய்ச் சேர்ந்தேன். தந்தை டச்சுக் கடற்படையோடு சிறு படகில் போய், கடற்சண்டையை நேரில் பார்த்து வரைந்தவர். பிறகு இருவரும் இங்கிலாந்து போனார்கள். 1674இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் போட்டார்: சண்டைகளைக் கோட்டில் வரையத் தந்தைக்கு, அதற்கு வண்ணம் தீட்ட மகனுக்கு.

மகன் 1686இல் வரைந்த ஆம்ஸ்டர்டாம் துறைமுக ஓவியத்தில் ‘தங்கச் சிங்கம்’ என்ற பெரிய போர்க்கப்பல் நிற்கும். அதைச் சுற்றியுள்ள சிறு படகுகளை விட்டுவிடாதீர்கள். பெரிய கப்பலுக்கு ஆளும் தண்ணீரும் சரக்கும் படகில்தான் வந்து ஏறும். பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சியின் தாது மணலும் குளச்சலில் அப்படித்தான் படகேறி, தள்ளி நின்ற கப்பலுக்குப் போனது.

காற்றைப் பார்க்கச் சொல்லித்தந்தது என் பாட்டா. எஞ்சின் வராத காலத்தில் கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர். விடியுமுன் கரைக்காற்றில் வெளியே போய், பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்புவார்கள். காற்று தப்பினால் துடுப்புதான், கை ஓய்ந்துபோகும்.

ஒருநாள் மகன் வான் டெ வெல்டெயின் ‘பீரங்கி வெடி’ ஓவியத்தை செல்போனில் அவருக்குக் காட்டினேன். 1680 வாக்கில் வரைந்தது, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. கப்பல் பீரங்கி முழக்கிக்கொண்டு கிளம்புகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாட்டா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“காத்து இல்ல மக்கா. பாய் தொங்குது, புகை கலையாம தண்ணிமேலயே கிடக்கு பாரு. இவன் கிளம்பல, காத்துக்குக் காத்துக் கிடக்கான்.”