'சின்ஸ் டூ டேஸ்' ஏன் தவறு? பிரசன்ட் பெர்ஃபெக்ட் கேள்வி பதில்

நீலகிரியில் ஆங்கிலத்தில் எழுதிப் பேசிப் பிழைக்க வேண்டியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லாம் ஒரே சிக்கலைச் சுற்றித்தான் வருகின்றன: ஹேவ், ஹேஸ் போட்ட வாக்கியத்தோடு (அதுதான் பிரசன்ட் பெர்ஃபெக்ட்) இன், ஆன், சின்ஸ், ஃபார் என்று தொடங்கும் காலச் சொற்றொடர்களில் எது ஒட்டும், எது ஒட்டாது? ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதில் நிற்கும்.

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம்: டீச்சர், 'வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர் ஆன் ஃபிஃப்த் மார்ச்' என்று எழுதினேன். மேனேஜர் 'ஹேவ்'வை அடித்துவிட்டார். கடிதம் இன்னும் என் கையில்தானே இருக்கிறது?

உங்கள் மேனேஜர் செய்தது சரி. 'மார்ச் 5-ஆம் தேதி கடிதம் வந்திருக்கிறது' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். '2019-ல் கொடைக்கானல் போயிருக்கிறேன்' என்பதும் நல்ல தமிழ்தான். நம்முடைய 'இருக்கிறேன்' முடிந்துபோன தேதியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும். ஆங்கில 'ஹேவ்' அதற்கு இடம் கொடுக்காது. 'ஹேவ்' போட்டால் அந்தக் காலம் இந்த நிமிஷம் வரை நீண்டு வர வேண்டும். மார்ச் 5 அன்றோடு முடிந்துவிட்டது. நம் ஆட்கள் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

ஆகவே 'வி ரிசீவ்ட் யுவர் லெட்டர் ஆன் ஃபிஃப்த் மார்ச்' என்று எழுதுங்கள். 'ஹேவ்' வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது: 'வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர் ஆஃப் ஃபிஃப்த் மார்ச்'. இங்கே தேதி கடிதத்தின் மேல் போட்ட தேதி. வந்து சேர்ந்த நாளைப் பற்றி வாக்கியம் பேசவே இல்லை. 'ஆன்' போட்டால் 'ரிசீவ்ட்' என்ற வினையோடு ஒட்டுகிறது, 'ஆஃப்' போட்டால் 'லெட்டர்' என்ற பெயரோடு ஒட்டுகிறது. இன், ஆன், ஆஃப் போன்ற ஒரு பிரிபொசிஷனைப் பார்க்கும்போது அது எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஊட்டி, பிளஸ் டூ மாணவர்: லீவ் லெட்டரில் 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். அதில் என்ன தவறு, டீச்சர்?

இரண்டு தவறு இருக்கிறது, தம்பி. 'ரெண்டு நாளா காய்ச்சல் அடிக்குது' என்று தமிழில் நிகழ்காலம் போடுகிறோம், அது அப்படியே 'ஐ ஆம் சஃபரிங்' ஆகிவிடுகிறது. முன்னே தொடங்கி இன்று வரை நீடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹேவ்' கட்டாயம். இரண்டாவது, 'சின்ஸ்' பக்கத்தில் தொடங்கிய புள்ளி வர வேண்டும். 'டூ டேஸ்' என்பது நீளம்.

இதைச் சரிபார்க்கத் தமிழே உதவும். 'செவ்வாய்க்கிழமையிலிருந்து' என்று 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. 'ரெண்டு நாளா', 'பத்து வருஷமா' என்று 'ஆக' என்பதன் குறுக்கமான 'ஆ' வந்தால் 'ஃபார்'. எழுத வேண்டியது: 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்' அல்லது 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் சின்ஸ் டியூஸ்டே'.

'இருந்து' என்றதும் கை 'ஃப்ரம்' பக்கம் போகும், கவனம். 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃப்ரம் 2015' என்று எழுதாதே, 'சின்ஸ் 2015' என்று எழுது. 'ஃப்ரம்' வந்தால் பெரும்பாலும் பின்னாலேயே 'டு' வரும்: 'ஐ லிவ்ட் ஹியர் ஃப்ரம் 2015 டு 2019'. முடிவும் சொல்லியாகிவிட்டதால் அங்கே சாதாரண பாஸ்ட் போதும்.

குன்னூர், சுற்றுலா வழிகாட்டி: மலை ரயிலைக் காட்டி 'த டிரெயின் ஹேஸ் ஸ்டார்ட்டட் இன் 1899' என்கிறேன். ரயில் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

ஓடுவது தொடர்கிறது. தொடங்கியது 1899-லேயே முடிந்துவிட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்: 'த லைன் டு குன்னூர் ஓபன்ட் இன் 1899. டிரெயின்ஸ் ஹேவ் ரன் ஆன் இட் சின்ஸ் தென்.' மண்சரிவால் இடையில் சில நாள் நின்றாலும் இந்த 'ஹேவ் ரன்' தவறாகாது, வழக்கமாக ஓடுவதைத்தான் அது சொல்கிறது. ஊட்டி வரை நீட்டிய செய்தியும் அப்படியே: 'இட் ரீச்ட் ஊட்டி இன் 1908.'

யுனெஸ்கோ பட்டியலைப் பற்றிப் பேசும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். 'இட் ஹேஸ் பிகம் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் சின்ஸ் 2005' என்பது ஒட்டாது. 'பிகம்' ஒரு கணத்தில் நடந்து முடிகிற வினை, அதை வருடக்கணக்கில் இழுக்க முடியாது. 'இட் ஹேஸ் பீன் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் சின்ஸ் 2005' என்றால் சரி. ஜாயின், அரைவ், ஓபன், டை எல்லாம் இதே வகை. வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஹேவ் ஜாயின்ட் திஸ் ஹோட்டல் சின்ஸ் 2018' என்று எழுதுபவர்கள் 'ஐ ஹேவ் பீன் வித் திஸ் ஹோட்டல் சின்ஸ் 2018' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி, மண்டிக் கணக்கு எழுதுபவர்: அப்படியென்றால் 'இன்' வந்தாலே 'ஹேவ்' கூடாதா?

'இன்' மேல் குற்றமில்லை, அதன் பின்னால் வருவதைப் பாருங்கள். 'இன் 2019', 'இன் ஜனவரி' இரண்டும் மூடிய பெட்டி. 'இன் த பாஸ்ட் டென் டேஸ்', 'ஓவர் த லாஸ்ட் டூ சீசன்ஸ்' இரண்டும் இன்று வரை வந்து தொடுகிறவை, 'ஹேவ்' அங்கே பொருந்தும்.

உங்கள் கணக்குப் புத்தகத்துக்கே ஒரு நுட்பம் சொல்கிறேன். 'வி சோல்ட் 400 கிலோ லாஸ்ட் மன்த்' என்றால் போன மாதம், காலண்டரில் கிழித்துப் போட்ட தாள். 'வி ஹேவ் சோல்ட் 400 கிலோ இன் த லாஸ்ட் மன்த்' என்றால் இன்றிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய முப்பது நாள். ஒரு 'இன் த' சேர்ந்ததும் கணக்கே மாறுகிறது. கேரட் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிற ஊரில் வாங்குபவரிடம் இதைக் குழப்பினால் தகராறு வரும்.

'ஆன்' விஷயமும் அப்படித்தான். 'ஆன் மண்டே' மூடியது. 'வி ஹேவ் ரிமைண்டட் யூ ஆன் த்ரீ அக்கேஷன்ஸ்' சரி, ஏனென்றால் அது எத்தனை தடவை என்று சொல்கிறதே தவிர என்றைக்கு என்று சொல்லவில்லை. 'அன்டில் நவ்' திறந்தது, 'அன்டில் லாஸ்ட் இயர்' மூடியது.

ஊட்டி, ஓட்டல் வரவேற்பறை: விருந்தினரிடம் 'யுவர் டிரைவர் ஹேஸ் பீன் டு கூடலூர்' என்றேன். 'அப்படியானால் கூப்பிடுங்கள்' என்கிறார்!

அவர் புரிந்துகொண்டது சரிதான். 'பீன் டு' என்றால் போய்த் திரும்பிவிட்டார். இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹி ஹேஸ் கான் டு கூடலூர்'. அங்கேயே தங்கியிருந்தால் 'ஹி ஹேஸ் பீன் இன் கூடலூர் ஃபார் த்ரீ டேஸ்'. தமிழில் 'டிரைவர் கூடலூர் போயிருக்கார்', 'நானும் கூடலூர் போயிருக்கேன்' இரண்டுக்கும் ஒரே சொல் போதும், அதனால்தான் இந்தக் குழப்பம். வீட்டுக்குப் போயிருந்தால் 'டு' வேண்டாம்: 'ஹி ஹேஸ் கான் ஹோம்.'

கூடலூர், செவிலியர்: 'ஷி ஹேஸ் லிவ்ட் இன் கோத்தகிரி ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் இப்போதும் அங்கே இருக்கிறார் என்றுதான் பொருளா?

பெரும்பாலும் ஆம். ஆனால் 'வாழ்க்கையில் எப்போதோ ஐந்து வருடம் அங்கே இருந்திருக்கிறார்' என்ற பொருளும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சந்தேகமே வரக்கூடாது என்றால் சொற்றொடரை முன்னே கொண்டு வாருங்கள்: 'ஃபார் ஃபைவ் இயர்ஸ், ஷி ஹேஸ் லிவ்ட் இன் கோத்தகிரி.' இப்படி எழுதினால் இன்று வரை தொடர்வது மட்டும்தான் பொருள். ஊரை விட்டுப் போய்விட்டார் என்றால் 'ஷி லிவ்ட்'. 'இன் கோத்தகிரி' இடம் சொல்கிறது, அதனால் எந்தக் காலத்தோடும் வரும்.

ஊட்டி, கல்லூரி மாணவி: உறைபனியைப் பார்த்து 'திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் சீயிங் ஃப்ராஸ்ட்' என்று எழுதலாமா?

'ஐ ஹேவ் சீன்' என்று எழுதுங்கள். கண் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாலும் 'ஃபர்ஸ்ட் டைம்' இதுவரையிலான வாழ்க்கை முழுவதையும் எண்ணுகிறது.

குன்னூர், டாக்சி ஓட்டுநர்: 'ஆஃப்டர் த லேண்ட்ஸ்லைட் த ரோடு ஹேஸ் பீன் க்ளோஸ்ட்' சரியா, டீச்சர்?

அன்று முதல் இன்று வரை மூடியே இருக்கிறது என்பதற்கு 'சின்ஸ் த லேண்ட்ஸ்லைட்'. மண் சரிந்ததும் மூடினார்கள், அவ்வளவுதான் என்றால் 'த ரோடு வாஸ் க்ளோஸ்ட் ஆஃப்டர் த லேண்ட்ஸ்லைட்'. இப்போது திறந்திருக்கிறதா என்று இரண்டாவது வாக்கியம் சொல்லாது. பயணி அதைத்தான் கேட்பார் என்பதால் முதலாவதைப் பழகிக்கொள்ளுங்கள்.