ஒரே குரூப்பில் சிக்கிய கிராபிக்ஸ் கார்டு: கர்னலை மாற்றலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் திருமண வீடியோ தொகுக்கும் நிலையம் நடத்துகிறேன். லினக்ஸ் கணினிக்குள் விண்டோஸை மெய்நிகர் கணினியாக இயக்கி, இரண்டாவது ஸ்லாட்டில் உள்ள கிராபிக்ஸ் கார்டை அதற்கு மட்டும் ஒதுக்க முயன்றேன். அந்தக் கார்டும் நெட்வொர்க் கார்டும் ஒரே ஐ.ஓ.எம்.எம்.யு. குரூப்பில் இருப்பதால் விண்டோஸ் தொடங்க மறுக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை மாற்றி இரண்டையும் பிரித்துத் தருவதாக ஒரு டெக்னீஷியன் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் சேர்க்கப்போவது பெரும்பாலும் ஏ.சி.எஸ். ஓவர்ரைடு என்ற இலவசப் பேட்ச்சாகத்தான், அதாவது கர்னல் நிரலில் செய்யும் ஒரு சிறு மாற்றமாகத்தான் இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்கள் பிராசஸரைக் கேட்காமலே நினைவகத்தில் நேரடியாக எழுதக்கூடியவை என்பதால், மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கிய சாதனம் அதற்குரிய நினைவகத்தைத் தாண்டிப் போகாமல் ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற வன்பொருள் பகுதி தடுக்கிறது. இந்தச் சோதனைக்கு உட்படாமல் இரண்டு சாதனங்கள் தங்களுக்குள் நேரே பேசிக்கொள்ள வழியிருந்தால், கர்னல் அவற்றை ஒரே குரூப்பில் வைக்கும், பிரித்து ஒதுக்க விடாது. அந்தப் பேட்ச் வழியை அடைப்பதில்லை. அடைத்தாகிவிட்டது என்று கர்னலை நம்ப வைக்கிறது. கூட்டுப் பட்டா நிலத்தை அளந்து உட்பிரிவு செய்யாமல் ஒரு பங்கைத் தனிப் பட்டா என்று காட்டி விற்கும் தரகரின் வேலைதான் இது. வைரஸ் எதுவும் இல்லாமலேயே, கார்டு நினைவகத்துக்கு அனுப்பும் தரவு முகவரிக் குழப்பத்தால் பக்கத்துச் சாதனத்துக்குப் போய்ச் சேரலாம். சாதனங்களை ஒதுக்க உதவும் வி.எஃப்.ஐ.ஓ. 2012இல் வெளியான லினக்ஸ் 3.6 முதல் கர்னலில் இருக்கிறது. இந்தப் பேட்ச்சை மூலக் கர்னலில் இன்றுவரை சேர்க்கவில்லை. ஆகவே ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்புக்கும் அதே ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

செலவில்லாத வழி, கார்டைப் பிராசஸருடன் நேரே இணைந்த முதல் ஸ்லாட்டுக்கு மாற்றுவது. சிப்செட் என்ற இணைப்புச் சிப் வழியே செல்லும் மற்ற ஸ்லாட்டுகளில்தான் இந்தக் கூட்டம் அதிகம். மாற்றிய பின் குரூப் பட்டியலை மறுபடி பாருங்கள், கார்டின் எச்.டி.எம்.ஐ. ஆடியோ பகுதி அதனுடன் இருக்கும், அதையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைப் பார்த்துத்தான் பயந்து பணம் கொடுக்கிறார்கள். அதே குரூப்பில் பிரிட்ஜ் அல்லது ரூட் போர்ட் என்ற பெயர் தெரிந்தால் அது கோளாறு ஆகாது. அது கார்டுக்குச் செல்லும் பாதை. அதை மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கவோ, அதன் டிரைவரை மாற்றவோ கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும். குரூப்பில் உள்ள மற்றச் சாதனங்கள் மட்டும் உங்கள் லினக்ஸின் பயன்பாட்டில் இல்லாமல் இருந்தால் போதும்.

நினைவகத்திலும் கவனம் வேண்டும். சாதனம் நினைவகத்தின் எந்த இடத்திலும் எழுதலாம் என்பதால், விண்டோஸுக்கு 12 ஜி.பி. கொடுத்தால் அந்த 12 ஜி.பி. முழுவதும் தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிடும். மொத்தம் 16 ஜி.பி.தான் என்றால் லினக்ஸ் திணறும்.

எந்த ஸ்லாட் எந்தக் குரூப்பில் வரும் என்பதை மதர்போர்டு நிறுவனங்கள் கையேட்டில் அச்சிடுவதே அரிது. பெட்டியில் வண்ண விளக்குகளைப் பற்றி எழுத மட்டும் இடம் கிடைக்கிறது. ஆகவே அடுத்த முறை போர்டு வாங்கும்போது, அதே மாடலில் லினக்ஸ் காட்டும் குரூப் பட்டியலைக் கேட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.