பேக்கிங்கைத் தொடுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய டிரெடில் அச்சு மெஷினில், எழுத்து புடைத்து நிற்கும் பாலிமர் பிளேட் வைத்து வாழ்த்து அட்டைகள் அச்சிட்டு விற்கிறேன். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்திக் காகிதம். எழுத்தைச் சுற்றி மை திரண்டு இரட்டைக் கோடு போலத் தெரிகிறது. அதே அட்டையில் உள்ள பெரிய வண்ணப் பரப்போ வெள்ளைப் புள்ளிகளாக வெளுக்கிறது. அச்சிடும் காகிதத்துக்குப் பின்னால் வைக்கும் தாள் அடுக்கான பேக்கிங்கைக் கூட்டினால் பரப்பு தேறுகிறது, எழுத்து கெடுகிறது. மடிக்கும்போது காகிதம் வெடிக்கவும் செய்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க,

மை பூசும் ரோலரிலிருந்து தொடங்குங்கள். பேக்கிங்கை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ரோலர் தாழ்ந்து ஓடினால் எழுத்தின் தலையோடு நிற்காமல் பக்கவாட்டிலும் மையை வழித்துவிட்டுப் போகும். அழுத்தம் விழும்போது அந்த மைதான் விளிம்பில் கோடாக ஏறுகிறது. இதற்குப் பேக்கிங்கைக் கூட்டினால் கோடு இன்னும் தடிக்கும்.

பிளேட்டை ஒட்டும் அடித்தளமான பேஸும் பிளேட்டும் ஒட்டுப்படலத்தோடு சேர்ந்து, அச்செழுத்தின் வழக்கமான உயரமான 0.918 அங்குலம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே உயரமுள்ள அளவுக் கருவியான ரோலர் கேஜை மை பூசிய ரோலருக்கு அடியில் ஓட்டிப் பாருங்கள். கேஜில் விழும் மைப் பட்டை சுமார் 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் சரி. அதைவிட அகலமென்றால் ரோலர் தாழ்வு. ரோலர் ஓடும் தண்டவாளத்தில் டேப் ஒட்டி உயர்த்துங்கள். இரு பக்கமும், மேலும் கீழும் நடுவிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பழைய மெஷினில் தண்டவாளம் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது.

கோடு எழுத்தைச் சுற்றிலும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் காரணம் வேறு. ரோலர் உருளாமல் வழுக்குகிறது, அல்லது அழுத்தும் நொடியில் காகிதம் நகர்கிறது. தண்டவாளத்தில் எண்ணெய் இருந்தால் துடையுங்கள்; பேக்கிங்கை மூடிப் பிடிக்கும் டிம்பன் தாள் தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுங்கள். மை எவ்வளவு என்பதைக் காதால் அறியலாம். ரோலர் ஓடும்போது மெல்லிய சீறல் போதும். ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டால் மை அதிகம்.

வண்ணப் பரப்பு விஷயத்தில் குறுக்குவழி கிடையாது. பரப்புக்கு மையும் அழுத்தமும் கூடுதலாக வேண்டும், நுண்ணெழுத்துக்கு இரண்டும் குறைவாக வேண்டும். ஒரே பிளேட்டில் இரண்டையும் வைத்தால் எந்த அமைப்பிலும் ஒன்று கெடும். இரண்டு பிளேட்டாகப் பிரியுங்கள். பரப்பை முதலில் ஓட்டிக் காயவிட்டு, பிறகு எழுத்தை ஓட்டுங்கள். காகிதத்தை லேசாக ஈரமாக்கினால் பரப்பு நன்றாக நிறையும் என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தில் காகிதம் விரியும். காய்ந்ததும் இரண்டாவது ஓட்டம் இடம் தவறும். ஆகவே இரண்டு ஓட்ட வேலைக்கு ஈரம் வேண்டாம். என்னைக் கேட்டால் பரப்பையே வடிவமைப்பிலிருந்து எடுத்துவிடுவேன். இந்த அச்சின் அழகு கோட்டிலும் எழுத்திலும்தான் இருக்கிறது.

ஓட்டம் கூடினால் கழிவும் கூடும். 100 அட்டை தர வேண்டிய இரண்டு ஓட்ட வேலைக்கு 125 வெட்டிக்கொள்ளுங்கள். மேக்ரெடி, அதாவது அச்சிடும் முன் மெஷினைச் சரிப்படுத்தல், செய்ய ஆகும் நேரம் 50 அட்டைக்கும் 500க்கும் ஒன்றுதான். விலையில் அதைத் தனியாகச் சேர்க்காவிட்டால் சிறிய ஆர்டர் ஒவ்வொன்றிலும் கைக்காசு போகும்.

மடிப்பு வெடிப்பதற்கு முதல் காரணம் காகிதத்தின் நார் ஓட்டம். தாளை இரு திசையிலும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைகிற திசையில்தான் மடிப்புக் கோடு வர வேண்டும். வெட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அடுத்தது, முனை மழுங்கிய உலோகப் பட்டையான கிரீசிங் ரூல் வைத்து மடிப்புக் கோடு போடுவது. ரூல் பதிந்த பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கமும், பின்னால் எழும் மேடு உட்பக்கமும் வர வேண்டும். பலர் தலைகீழாக மடித்துவிட்டுக் காகிதத்தைக் குறை சொல்கிறார்கள். கிரீசிங் ஓட்டத்துக்கு முன் ரோலர்களைக் கழற்றி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ரூல் அவற்றைக் கீறிவிடும். அச்சு நன்றாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். ரப்பர் பேஸ் மை காகிதத்தில் ஊறித்தான் காய்கிறது. அவசரப்பட்டு மடித்து அடுக்கினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.