அவன் குதிரை கிறுக்கு

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பட்டப்பெயர்களைப் பற்றி எழுதும்போது 'உட்கார்ந்த எருது' என்ற அமெரிக்கப் பழங்குடித் தலைவரை ஒரே ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள். சரி, இந்தத் தடவை முழுக்க அதுவே இருக்கட்டும்.

ஆர்.எஸ்., கரூர்: செவ்விந்தியர்களிடம் குழந்தை பிறந்ததும் அப்பா கூடாரத்தை விட்டு வெளியே வந்து, கண்ணில் முதலில் படுவதையே பெயராக வைப்பாராமே? 'உட்கார்ந்த எருது'வும் அப்படி வந்த பெயர்தான் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன்.

அது ஒரு பழைய ஜோக். அதன் கடைசி வரி ஆபாசமானது. உங்களுக்கு அனுப்பிய புண்ணியவான் அதை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை 'அரிய தகவல்' ஆக்கிவிட்டார்.

நடந்தது வேறு. அவர் லக்கோட்டா இனத்தில் ஹுங்க்பாப்பா பிரிவுக்காரர். 1831 வாக்கில் பிறந்தவர். முதலில் வைத்த பெயர் 'துள்ளும் வளைக்கரடி'. ஆனால் ஊர் அவரை 'ஹுங்கேஷ்னி' என்றுதான் கூப்பிட்டது. மெதுவானவன் என்று அர்த்தம். எதையும் யோசித்து, நிதானமாகச் செய்கிற பிள்ளையாம். நம் தெருவாக இருந்தால் 'ஆமை' என்றிருப்போம்.

14 வயதில், குரோ இனத்தாரோடு நடந்த ஒரு மோதலுக்குப் பெரியவர்களோடு அவரும் போனார். எதிரியை நெருங்கிப் போய் அடிப்பது, தொட்டுவிட்டாவது திரும்புவது என்பது அங்கே பெரிய வீரம். அந்த ஆமை அதைச் செய்துவிட்டது. ஊர் திரும்பியதும் அப்பா விருந்து வைத்துத் தன் சொந்தப் பெயரையே மகனுக்குக் கொடுத்தார்: தத்தாங்கா ஈயோத்தாகே, அதாவது நம் 'உட்கார்ந்த எருது'. கொடுத்த பிறகு அது அப்பாவுடையது இல்லை அல்லவா? அவர் 'துள்ளும் கிடா' என்று வேறு பெயருக்கு மாறிக்கொண்டார். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். தாத்தாவும் அதே பெயரில்தான் இருப்பார். அங்கே வேட்டி துண்டு மாதிரி, கொடுத்தால் கொடுத்ததுதான்.

அப்பாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. வேட்டைக்குப் போன இடத்தில், இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஒரு காட்டெருமைக் கிடா ஏதோ முனகிக்கொண்டே வந்ததாம். மற்றவர்களுக்கு அது வெறும் முனகல். இவருக்கு மட்டும் நான்கு பெயர்களாகக் கேட்டதாம். அவற்றில் முதலாவது உட்கார்ந்த கிடா, இரண்டாவது துள்ளும் கிடா. அதாவது வீட்டில் இரண்டு பெயர் கையிருப்பில் இருந்தது.

ஒரு திருத்தம். அது எருது இல்லை, காட்டெருமைக் கிடா. எருது என்றதும் நமக்கு வண்டி மாடு அசை போடுவதுதான் கண்ணில் வரும். அது ஓய்வெடுக்க உட்கார்ந்த மாடு இல்லை, இனி யார் விரட்டினாலும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட மிருகம். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை எந்தக் கூட்டத்தின் மேல் பாய்ந்து அழிந்ததோ, அந்தக் கூட்டத்தின் தலைவர் இவர் என்பது தெரிந்தால் பெயரின் கனம் புரியும்.

கே.எம்., மன்னார்குடி: அதே போரில் 'கிறுக்குக் குதிரை' என்று இன்னொரு தலைவர் இருந்தாரே. ஒரு வீரனுக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்?

இதில் குற்றவாளி நான்தான். நாற்பது வருஷம் மெய்ப்புப் பார்த்தவன். நடுவில் ஒரு சிறுவர் பத்திரிகைக்கு இந்தக் கதைகளை மொழிபெயர்த்தும் கொடுத்தேன். 'கிறுக்குக் குதிரை' என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு குதிரைப் படத்தையும் போடச் சொன்னேன். ரொம்ப நாள் கழித்துத்தான் மூலப் பெயரைப் பிரித்துப் பார்த்தேன்.

தஷூங்கே விட்கோ. 'த' என்றால் அவனுடைய. 'ஷூங்கே' குதிரை. 'விட்கோ' கிறுக்கு. முழுசாக: 'அவன் குதிரை கிறுக்கு'. கிறுக்குப் பிடித்தது குதிரைக்கு, அதுவும் அடங்காத, ஆவேசமான கிறுக்கு. பெயர்க்காரர் அப்படிப்பட்ட குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர்!

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. லக்கோட்டா மொழியிலும் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும். 'கிடா உட்காரும்', 'அவன் குதிரை கிறுக்கு' என்று வரிசை மாறாமல் தமிழில் அப்படியே சொல்லிவிடலாம். இந்தப் பெயர்கள் முழு வாக்கியங்கள். ஒரு ஆளைப் பற்றி ஊர் சொன்ன ஒரு வரி. நான் இங்கிலீஷைப் பார்த்து எழுதியதால், ஒரு வாக்கியத்தைக் குதிரையாக்கி அந்த ஆளையே லாயத்தில் கட்டிவிட்டேன்.

என்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. தஷூங்கே கோக்கிபாபி என்ற தலைவர், லக்கோட்டாவிலேயே ஒக்லாலா பிரிவுக்காரர். 'அவன் குதிரையைக் கண்டே பயப்படுகிறார்கள்' என்று அர்த்தம். குதிரைக்கே இந்தப் பயம் என்றால் ஆளைப் பார்த்தால் என்ன ஆகும்? இங்கிலீஷ்காரர்கள் இதைத் 'தன் குதிரைகளுக்கே பயப்படும் ஆள்' என்று திருப்பிப் போட்டுவிட்டார்கள். இன்றும் வரலாற்றுப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறார், பாவம்.

பி.வி., சிவகங்கை: காமிக்ஸ் வாசகன் நான். டெக்ஸ் வில்லரை நவஹோக்கள் 'இரவுக் கழுகு' என்கிறார்களே, நிஜத்தில் அப்படிப் பெயர் வைப்பார்களா?

வாங்க, நம்ம ஆள்! வாடகை நூலகத்தில் முன்பணம் கட்டி லயன் காமிக்ஸ் படித்தவன் நான். காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். அங்கேயும் இதே பெயர்தான்: 'ஆக்விலா டெல்லா நோத்தே'. கழுகு இரவில் வேட்டையாடாது, அது ஆந்தையின் வேலை. ஆனால் 'இரவு ஆந்தை' என்று பெயர் வைத்தால் யார் டெக்ஸை வாங்குவார்கள்?

நவஹோக்களிடம், அதாவது தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்கிற அந்த அமெரிக்கப் பழங்குடி மக்களிடம், பழைய வழக்கம் கதைக்கு நேர் எதிர். காமிக்ஸில் எதிரே நிற்பவனிடம் "இரவுக் கழுகே!" என்று கட்டத்துக்குக் கட்டம் கூப்பிடுவார்கள். நிஜத்தில் முக்கியமான பெயருக்குச் சக்தி உண்டு என்பது நம்பிக்கை. அதைச் சடங்குக்கு என்று வைத்துக்கொண்டு, அன்றாடம் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஷிமா என்றால் அம்மா. அம்மாவைப் பெற்ற தாத்தா ஷிச்செய். அப்பா வழித் தாத்தா ஷினாலி. அம்மாச்சியையும் அப்பத்தாவையும் தனித்தனியாக வைத்திருக்கும் உங்கள் சீமைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் தாத்தா பெயர் பழனி. அப்பத்தா கடைசி வரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு "மொட்டை போடுற ஊருக்குப் போற பஸ் எது தம்பி?" என்று கேட்பாள். காரணம் வேறாக இருக்கலாம், ஆனாலும் தினே கிழவி ஒருத்தி பக்கத்தில் நின்றிருந்தால் இவளைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டாள்.

காடும் தண்ணீரும் அவர்களிடம் குலப்பெயர்களில் நிறைய இருக்கிறது. முதல் குலங்கள் என்று சொல்லும் நான்கில் ஒன்று 'கசப்புத் தண்ணீர்', இன்னொன்று 'சேறு'. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் அம்மாவின் குலம், அப்பாவின் குலம் என்று வரிசையாகச் சொல்லித்தான் அறிமுகம்.

எஸ்.ஜே., தூத்துக்குடி: இன்று அவர்களில் பலருக்கு ஜான், மேரி என்றுதானே பெயர்? ஏன் விட்டுவிட்டார்கள்?

அவர்களாக விடவில்லை, பிடுங்கினார்கள். 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு லக்கோட்டாப் பையன் ஒருவன் போனான். பெயர் ஓட்டா க்தே, 'பலரைக் கொன்றான்'. அப்பாவின் வீரத்தைச் சொல்லும் பெயர். கரும்பலகையில் வெள்ளைக்காரப் பெயர்களை எழுதிவைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஒன்றைத் தொடு என்றார்கள். படிக்கத் தெரியாத பையன், எதிரியைத் தொடப் போகிறவன் போலப் போய் ஒன்றைத் தொட்டான். அது 'லூதர்'. அதைத் துணியில் எழுதிச் சட்டை முதுகில் தைத்துவிட்டார்கள். அப்பா பெயரைச் சேர்த்து லூதர் ஸ்டாண்டிங் பேர் ('நிற்கும் கரடி') ஆனான். 1928இல் புத்தகம் எழுதி இதையெல்லாம் சொன்னவர் அவரேதான். தொடுவது அவர்கள் வீரத்தின் அடையாளம் என்று மேலே சொன்னேனே, அதை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள்.

என்.டி., விருத்தாசலம்: நம்மிடம் இப்படிப்பட்ட பெயர்கள் உண்டா?

குறுந்தொகையைப் புரட்டுங்கள். செம்புலப்பெயனீரார். ஓரேருழவனார். அணிலாடு முன்றிலார்: ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறதே, அந்த 41ஆம் பாட்டின் வரியே புலவருக்குப் பெயர் ஆகிவிட்டது. அப்பா வைத்த பெயர் தொலைந்துபோனதால் பாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். குப்பைக் கோழியார் என்றும் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ!

டி.ஏ., ஆம்பூர்: பிறந்த மாதத்தையும் தேதியையும் போட்டால் 'உங்கள் செவ்விந்தியப் பெயர்' சொல்லும் ஆப் ஒன்று இருக்கிறது. எனக்குச் 'சோம்பல் கரடி' என்று வந்தது. வைத்துக்கொள்ளலாமா?

1969இல் புலிட்சர் பரிசு பெற்ற எழுத்தாளர் ஸ்காட் மோமடே கையோவா இனத்தவர். வயோமிங்கில் சமவெளி நடுவே அடிமரம் போல எழுந்து நிற்கும் ஒரு பாறை இருக்கிறது; கையோவா மொழியில் த்ஸோவாய், பாறை மரம். ஒரு பையன் திடீரென்று கரடியாக மாறித் தன் ஏழு அக்கா தங்கைகளைத் துரத்தினான். அவர்கள் ஏறிய மரம் வானம் வரை வளர்ந்தது. கரடி கீறிய தடம்தான் பாறையில் இருக்கும் கோடுகள். ஏழு பேரும் வானத்தில் நட்சத்திரங்கள் ஆனார்கள் என்பது கதை. நாம் சப்தரிஷி என்கிறோமே, அவர்கள்தான். கைக்குழந்தையாக இருந்த மோமடேயை அந்தப் பாறைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அப்புறம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்துக் கதை சொல்லி, த்ஸோவாய்-டாலீ, 'பாறை மரப் பையன்' என்று பெயர் கொடுத்தார்.

உங்கள் ஆப் உங்களை எந்தப் பாறைக்கும் கூட்டிப்போகவில்லை. 'சோம்பல் கரடி' என்று சொல்லும் உரிமை உங்கள் வீட்டம்மாவுக்கு மட்டும்தான். அவர் ஏற்கெனவே வேறு ஏதாவது வைத்திருப்பார், விசாரியுங்கள்.